கீறலுக்கு அந்தப் பக்கம்

டோக்கன் வாங்கின கையோடு என் கடைக்கு வருவார்கள்.
பாம்பன் பாலம் இறங்கினதும் இடப்பக்கம்,
ரீசார்ஜ், செராக்ஸ்,
மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்.
ஒரு ராத்திரிக்கு ஐம்பது ரூபாய்.

எதற்குப் பின்னால் எது,
அதில்தான் என் பிழைப்பு.
வலை இறக்கும்போது பறை.
வலை கிடக்கும்போது
யாருக்கும் மொழி தெரியாத ஓர் ஆப்பிரிக்கக் கிடார்.
கந்தூரிப் பாட்டு முடிந்த சூட்டோடு
லத்தீனில் ஒரு பூசைப் பாட்டு.
மூன்றரை மணிக்கு நாயனத்தை வைத்தால்
சுக்கான் பிடிப்பவன் என்னை வைவான்.
வையட்டும். விழித்திருப்பான்.

கீழக்கரை சீனி நெய்னா வேறு ரகம்.
கார்டைத் தொடமாட்டான், தட்டுதான்.
துபாயில் ஏழு வருசம் லிப்ட் பழுது பார்த்த காசு
மாடியாக எழும்பவில்லை,
அறுநூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டாக
அலமாரியில் நிற்கிறது.
உப்புக்காற்று உறையைத் தின்னும் என்று
ஜன்னலை அடைத்துவிட்டான்.
பேட்டரித் தண்ணியில் குழந்தை ஷாம்பு இரண்டு சொட்டு,
வட்ட வட்டமாகத் துடைப்பான்.
"நம்ம புள்ளைய ஒருநா
இப்புடிக் குளிப்பாட்டி நான் பாத்ததில்ல"
என்பாள் ஹஸீனா.

தட்டை டியூப் லைட்டுக்குச் சாய்த்து
மீனுக்குச் செவுள் பார்க்கிற மாதிரி பார்ப்பான்.
இரவல் கிடையாது.
அங்கேயே உட்கார்ந்து பதிந்துகொள்ளலாம்.
கூலி, என் கலவை ஒன்று.
அவன் கேட்டிராத பாட்டு
மூன்றாவது இருக்கவேண்டும் அதில்.

அப்படிப் பதிந்ததுதான் அந்தப் பைலா.
கொழும்பிலிருந்து வந்த ஏழு அங்குலத் தட்டு.
ஒட்டுத்தாள் மாறி ஒட்டியது,
ஒன்று என்று போட்ட பக்கம் இரண்டைப் பாடும்.
அந்தப் பிழைக்குத்தான் விலை.
கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நாற்பதாயிரம் சொன்னார்.
ஓடவிட்டுக் கேட்டதும் முப்பது என்றார்.
இரண்டாம் சரணத்தில் கீறல்,
ஊசி குதித்து நாலு வரியைத் தாண்டிவிடும்.
"ஒட்டுனவன் தப்புக்குக் கூட்டுறாரு,
ஊசி தப்புக்குக் கொறைக்கிறாரு" என்றேன்.
நெய்னா சிரிக்கவில்லை.

பொரிகிற சத்தத்தோடு, குதியோடு,
பதினொன்றாவதாக வைத்து அனுப்பினேன்.

கிளாட்வின் திரும்பி வந்து சொன்னது இது:
"நம்ம கடல்லதான் கெடந்தோம், சத்தியமா."
வயர்லெஸ் பொத்தானில் மீன் செதில் சிக்கி
பாட்டு முழுசும் வெளியே போயிருக்கிறது.
கத்தி முனையால் நெம்பி எடுத்ததும்
செட்டில் ஒரு குரல்,
தலைமன்னார்ப் பக்கத்து ஆள் போல.
"அண்ணை, நடுவில நாலு வரி காணேல்ல."
பாடியும் காட்டியிருக்கிறான்.
அப்புறம் இரைச்சல்.
பேர் கேட்கவில்லை இவன். மடையன்.

"சொல்லு நிக்கல. மெட்டு இருக்கு"
என்று விசிலடித்தான், செராக்ஸ் மிஷின் பக்கத்தில் நின்று.
செல்லில் பிடித்தேன்.
ராமேஸ்வரம் போகிற பஸ்ஸின் ஹாரனும் சேர்ந்து விழுந்தது.

மறுநாள் கீழக்கரை.
குதிக்கிற இடத்தில் நெய்னா ஊசியைக் கையால் தூக்க,
நான் விசிலை ஓடவிட,
முடிந்ததும் அவன் ஊசியை இறக்க,
இரண்டு தடவை சொதப்பல்.
மூன்றாம் தடவை உட்கார்ந்தது,
அரைக் கட்டை ஏறித்தான்.
அடுப்படியிலிருந்து ஹஸீனா,
"இன்னொருக்கா வைங்க."

அந்நேரம் பார்த்துக் கோயம்புத்தூர் போன்.
"கீறல் இருக்குங்க.
ஆமா, அப்படியேதான் இருக்கு.
அம்பதாயிரம்."
எதிர்முனையில் என்ன சொன்னார்களோ,
நெய்னா தட்டை உறைக்குள் விட்டுக்கொண்டே
"ம்" கொட்டிக்கொண்டிருந்தான்.
இன்னும் முடியவில்லை அந்தப் பேரம்.

பதினொன்றில் இப்போது விசிலும் உண்டு, ஹாரனும் உண்டு.
ஹாரனை வெட்டச் சொல்கிறார்கள்,
வெட்டினால் விசிலும் போகும்.
"என் பாட்டுக்கு என்கிட்டயே அம்பது ரூவாயா?"
கிளாட்வின் பாக்கி நூற்றைம்பது நிற்கிறது.

வருகிற படகெல்லாம் சொல்கிறது,
பதினொன்று வந்தால்
செதில் இல்லாமலே
ஒட்டிக்கொள்கிறதாம் பொத்தான்.